செல்விக்கு உதிரப்போக்கு: ஒரு மெய்நிகர் நோயாளியை உருவாக்கிய பதிவு

செல்விக்கு 26 வயது. இது இரண்டாவது பிரசவம். வலி மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனதால் கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் மருந்தை டிரிப்ஸில் ஏற்றியிருந்தார்கள். 3.6 கிலோ எடையில் ஆண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடி முழுதாக வெளியே வந்துவிட்டது. குழந்தை பிறந்து இருபது நிமிடம் ஆகிறது. கட்டிலருகே ஒரு நர்சிங் மாணவியும் செல்வியின் தாயாரும் மட்டும் இருக்கிறார்கள். ஸ்டாஃப் நர்ஸ் அடுத்த அறையில் இன்னொரு பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்தச் செல்வி நான் கணினியில் எழுதி உருவாக்கிய நோயாளி. மகப்பேறு செவிலியம் கற்பிப்பது என் வேலை. மூன்றாம், நான்காம் ஆண்டு நர்சிங் மாணவிகளுக்காகத் தொடங்கிய இந்தப் பயிற்சியில் பிறகு ஹவுஸ் சர்ஜன்களும் (பயிற்சி மருத்துவர்களும்) சேர்ந்துகொண்டார்கள். எதை எப்படிக் கட்டினேன், வகுப்பில் என்ன நடந்தது, எதை மாற்ற வேண்டியிருந்தது என்பதை இதே வேலையில் இறங்க நினைக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன். மருந்தளவுகளையும் வரிசையையும் உங்கள் மருத்துவமனையின் நெறிமுறைப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த நோயாளி

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மி.லி. வரை ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்ததும் அந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் திறந்து கிடக்கும். அவற்றை நெருக்கி மூடுவது கர்ப்பப்பைத் தசையின் சுருக்கம்தான். தசை துவண்டுபோனால் ரத்தம் நிற்காது. பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்குக்கு முதல் காரணம் இந்தத் துவளல். கிழிசல், உள்ளே தங்கிய நஞ்சு, ரத்தம் உறைவதில் கோளாறு ஆகியவை மற்ற காரணங்கள்.

இதையெல்லாம் மாணவிகள் தேர்வில் பிழையின்றி எழுதிவிடுவார்கள். பாடப்புத்தகத்திலிருந்து கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது: நேரம். உறைந்த ரத்தம் கரையாமல் காத்து உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தைப் பற்றி 20,060 பெண்களிடம் நடந்த 'உமன்' ஆய்வு 2017-ல் வெளியானது. மருந்தை முதல் 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் என்று அது காட்டியது. அதைத் தொடர்ந்து வந்த பகுப்பாய்வு, ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் ஏறக்குறைய 10 சதவீதம் குறைவதாகக் கணக்கிட்டது. இதைப் படித்தபோது என் மாணவிகள் வார்டில் கட்டிலருகே பிபி கருவியோடு தயங்கி நிற்பதுதான் என் மனதில் வந்தது.

வார்டில் நிஜமாகவே ஒரு பெண்ணுக்கு ரத்தம் கொட்டினால் மாணவியை ஒதுங்கி நிற்கச் சொல்வார்கள். அப்படிச் சொல்வதுதான் சரி. அனுபவசாலிகள் நாலு பேர் கட்டிலைச் சூழ்ந்துகொள்வார்கள். மாணவி பின்னால் நின்று முதுகுகளைப் பார்ப்பாள். இப்படியே நாலு வருடம் முடிந்து, ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் தனியாக இருப்பாள். அன்று உதிரப்போக்கை முதலில் கவனிக்க வேண்டியவள் அவள்தான். மாதிரிப் பதிவு முறைக் கணக்குப்படி 2018–20-ல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குப் பேறுகால மரணங்கள் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. எண்ணிக்கை குறையக் குறைய, இப்படி ஒரு நெருக்கடியை மாணவி நேரில் காணும் வாய்ப்பும் குறைகிறது. குறைவது பெரும் நன்மை. ஆனால் அந்தப் பயிற்சியை வேறு எங்காவது கொடுத்தாக வேண்டும்.

மெய்நிகர் நோயாளியால் பயன் உண்டா என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 51 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளிவந்த பகுப்பாய்வு ஒன்று இருக்கிறது. வழக்கமான கற்பித்தலோடு ஒப்பிட்டால் அறிவு ஏறக்குறைய சமமாகவே கூடுகிறது, திறன் கூடுதலாக வளர்கிறது என்பது அதன் முடிவு. அந்தத் திறனில் முக்கியமானவை நோயாளியைப் பற்றி யோசித்து முடிவெடுப்பதும், செயல்களை வரிசைப்படுத்துவதும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

கருவி

சந்தா கட்டிப் பயன்படுத்தும் மென்பொருள்கள் பல உண்டு. நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் அவற்றில் வருவது தனி அறையில் தனியாகப் படுத்திருக்கும், ஆங்கிலம் பேசும் நோயாளி. கட்டிலருகே தாயாரோ மாமியாரோ இல்லை. ஓபன்லாபிரிந்த் என்ற திறந்த மூல மென்பொருள் மருத்துவக் கல்விக்கென்றே உருவானது. அதை ஓட்ட ஒரு சர்வரும் அதைப் பராமரிக்க ஓர் ஆளும் வேண்டும். எங்களிடம் இரண்டும் இல்லை.

ஆகவே ட்வைனை எடுத்துக்கொண்டேன். கிளைக்கதை எழுதுவதற்காக கிறிஸ் கிளிமாஸ் என்பவர் 2009-ல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. கதையைச் சிறு பெட்டிகளாக எழுதி, ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். முடிந்ததும் முழுக் கதையும் ஒரே எச்.டி.எம்.எல். கோப்பாக வெளியே வரும். மாணவிகள் அதைப் போனில் இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாத விடுதி அறையிலும் பிரவுசரில் திறக்கும். தமிழ் எழுத்துகள் எந்தத் தொந்தரவும் தரவில்லை. படங்களைச் சுருக்கிக் கோப்புக்குள்ளேயே பொதிந்துவிட்டேன். தனிக் கோப்புறையில் வைத்தால் போனுக்குப் போன் அனுப்பும்போது படம் காணாமல் போய்விடும்.

ட்வைனுக்குள் கதை வடிவங்கள் சில இருக்கின்றன. சுகர்கியூப் என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்தேன். காரணம், அதில் எண்களை நினைவில் வைத்து, கூட்டிக் கழித்து, 'இவ்வளவுக்கு மேல் போனால் இதைக் காட்டு' என்று சொல்வது எளிது. செல்விக்கு உயிர் கொடுப்பதே அந்த எண்கள்தான்.

நிமிடமும் மில்லிலிட்டரும்

பெரும்பாலான கணினிப் பயிற்சிகள் கேள்வித்தாள் போலவே நடக்கின்றன. ஒரு கேள்வி, நாலு விடை, சரியானதைத் தொட்டால் அடுத்த கேள்வி. மாணவி அரை மணி நேரம் யோசித்தாலும் நோயாளி அதே நிலையில் காத்துக்கொண்டிருப்பார். உதிரப்போக்கில் அப்படிக் காத்திருக்கும் நோயாளி கிடையாது.

அதனால் செல்விக்கு இரண்டு அடிப்படை எண்கள் வைத்தேன். ஒன்று கடந்துபோன நிமிடம், மற்றொன்று போன ரத்தம். கதை தொடங்கும்போதே 350 மி.லி. போயிருக்கும். கர்ப்பப்பை துவண்டிருக்கும்வரை நிமிடத்துக்கு 60 மி.லி. கூடும். வயிற்றில் கை வைத்துத் தேய்த்துவிட்டால் 35 ஆகக் குறையும். ஆக்ஸிடோசின் வேலை செய்யத் தொடங்கியதும் இன்னும் குறையும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் என்ன செய்தாலும் கர்ப்பப்பை முழுதாக இறுகாது. இந்த எண்கள் பயிற்சிக்காக நான் வைத்தவை. மகப்பேறு மருத்துவரான நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றும் நிஜத்துக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துத் திருத்தினேன்.

ஒவ்வொரு செயலுக்கும் விலை நிமிடத்தில். வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம். பிபி, பல்ஸ் பார்க்க இரண்டு. சிறுநீர்க் குழாய் போட நான்கு. ஃபிரிட்ஜிலிருந்து ஆக்ஸிடோசின் எடுத்துவர, 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து என்பதால், இரண்டு. மாணவி ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் அதற்கான நிமிடம் கழியும். அந்த நிமிடங்களுக்கான ரத்தமும் போகும்.

முதலில் நிஜக் கடிகாரத்தையே ஓடவிட்டுப் பார்த்தேன். திரையில் நொடி நகர்ந்தது. பரபரப்பு நன்றாகவே வந்தது. ஆனால் போன் திரையில் நிதானமாக வாசிக்கும் மாணவிக்கு, வாசித்து முடிப்பதற்குள் 200 மி.லி. போய்விட்டது. வாசிக்கும் வேகத்தைச் சோதிக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் கடிகாரத்தைச் செயலோடு மட்டும் கட்டினேன். வாசிக்கலாம், யோசிக்கலாம், கை வைத்தால்தான் நிமிடம் நகரும். இதில் நிஜத்தின் ஒரு பகுதி குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் மாணவியின் முடிவுகள் மட்டும் துலக்கமாகத் தெரிகின்றன.

பிபியும் பல்ஸும் ரத்தத்தின் அளவிலிருந்து வருகின்றன. கர்ப்ப காலத்தில் உடலில் ரத்தம் கூடியிருப்பதால் ஒரு லிட்டர் போகும்வரைகூட பிபி அவ்வளவாக இறங்காமல் ஏமாற்றும். பல்ஸ்தான் முதலில் ஏறும். அதனால் 700 மி.லி. போனபோது செல்விக்கு பிபி 112/72, பல்ஸ் 108 என்று வைத்தேன். பிபியை மட்டும் பார்ப்பவர் நிம்மதியாக மூச்சு விடுவார். பல்ஸை மேல் பிபியால் வகுத்துப் பார்ப்பவருக்கு 0.96 கிடைக்கும். 0.9-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை. 1500 மி.லி. போகும்போது பிபி 86/50 என்று விழும். அப்போது எல்லோருக்கும் புரியும், ஆனால் தாமதம் ஆகிவிட்டிருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023-ல் வெளியான 'இ-மோட்டிவ்' ஆய்வைப் பலரும் அறிந்திருப்பீர்கள். ரத்தத்தை அளவு குறித்த பையில் பிடித்து அளப்பது, கண்டதும் தேய்ப்பு, ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம், டிரிப்ஸ், பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்வது என்பதே அதன் சாரம். கடும் உதிரப்போக்கு, அறுவை சிகிச்சை, மரணம் மூன்றும் சேர்ந்த அளவு 60 சதவீதம் குறைந்தது. ஒன்று செய்து, பலன் தெரியாவிட்டால் அடுத்தது என்ற பழைய படிக்கட்டு முறையை அது மாற்றிவிட்டது. என் கதையிலோ மாணவி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொட முடியும்!

தீர்வு எளிமையாக அமைந்தது. இந்தப் பயிற்சியில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். மாணவி தனியாக இருக்கும்வரை ஒரு நேரத்தில் ஒரு செயல். 'உதவிக்கு ஆள் கூப்பிடு' என்பதற்கு ஒரு நிமிடம் செலவாகும். அந்த நிமிடத்தில் ரத்தமும் போகும். ஆனால் இரண்டு நிமிடத்தில் ஸ்டாஃப் நர்ஸும் உதவியாளரும் வந்து சேருவார்கள். அதன்பின் ஒரே நேரத்தில் மூன்று செயல்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஒருவர் வயிற்றில் தேய்க்க, ஒருவர் ஊசி போட, ஒருவர் டிரிப்ஸ் ஏற்ற. இந்த விதியை நான் மாணவிகளுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. கூப்பிட்டவர்களுக்குத் தானாகவே தெரியவரும்.

ரத்தத்தைப் படம் எடுத்தல்

செல்விக்கு எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று எண்ணால் சொன்னால் பயிற்சி பாழாகிவிடும். வார்டில் யாரும் எண்ணைச் சொல்ல மாட்டார்கள். கண்ணால் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். கண்ணோ எப்போதும் குறைத்தே மதிப்பிடும். அதுவும் ரத்தம் கூடக் கூட, பிழையும் கூடும்.

தண்ணீரில் சிவப்புச் சாயமும் கொஞ்சம் சோள மாவும் கலந்து காய்ச்சினேன். ஆறியதும் ரத்தத்தின் கெட்டித்தன்மைக்கு அருகில் வந்தது. சமையலறைத் தராசில் காய்ந்த பேடை எடை போட்டு, ஊற்றி, மறுபடி எடை போட்டேன். ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர் என்று கணக்கு. நன்றாக நனைந்த மகப்பேறு பேட் 100 மி.லி. அளவுக்கு உறிஞ்சுகிறது. கிட்னி டிரே நிரம்பினால் ஏறக்குறைய 500.

பேடோடு நின்றிருந்தால் படங்கள் புத்தகப் படங்களாகவே இருந்திருக்கும். நம் வார்டுகளில் வீட்டிலிருந்து கொண்டுவரும் துணிதான் பாதி. பழைய வேட்டியையும் பழைய பருத்திச் சேலையையும் கிழித்து மடித்து, ஒவ்வொன்றிலும் 300 மி.லி. ஊற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தேன். வேட்டித் துணியில் பார்த்தவுடன் பதறவைக்கும் சிவப்பு. அரக்கு நிறச் சேலைத் துணியில் ஈரம் பட்ட ஒரு கருமை மட்டும். அதே 300 மி.லி. என்று யாரும் நம்பவில்லை. பிறகு கட்டிலில் விரிக்கும் சிவப்பு ரப்பர் மெக்கின்டாஷ் ஷீட். அதன் குழிவில் கால் லிட்டர் தேங்கி நின்றாலும் மேலிருந்து பார்த்தால் பளபளப்பு மட்டுமே தெரிகிறது. கையுறை போட்ட விரலால் தொட்டு எடுத்தால்தான் ரத்தம். அந்த இரண்டு படங்களையும் செல்வியின் கட்டிலில் வைத்தேன். 'போர்வையை விலக்கி, இடுப்புக்குக் கீழே கையை விட்டுப் பார்' என்ற செயலைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் தேங்கிய ரத்தம் தெரியும்.

இதைச் செய்துகொண்டிருந்தபோது மதாம் துய் கூத்ரேயின் நினைவு வந்தது. 18-ஆம் நூற்றாண்டில், மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆணையோடு பிரான்ஸ் நாடெங்கும் பயணம் செய்து, கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்த மருத்துவச்சி. துணியும் தோலும் வைத்துத் தைத்த இடுப்பும், பிறக்கும் குழந்தையின் பொம்மையும் அவருடைய பாடக் கருவிகள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களின் கைக்கும் கண்ணுக்கும் பாடம் சொன்னவர். அப்படித் தைத்தவற்றில் எஞ்சிய ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. நான் சேலைத் துணியில் சாயம் ஊற்றிக்கொண்டிருந்ததும் அந்த வேலையின் தொடர்ச்சிதான் என்று நினைக்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது.

செல்வி என்ன பேசுவாள்

வசனத்தை நானே எழுதிவிட்டு, லேபர் வார்டில் பல ஆண்டுகள் இருந்த மூத்த செவிலியர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, செல்வி அதிகம் பேசுகிறாள் என்றார். ரத்தம் போகும் பெண் 'எனக்கு ரத்தம் போகிறது' என்று சொல்வது அபூர்வம். பிள்ளை பெற்ற களைப்பில், கீழே ஈரமாக இருப்பது இயல்பு என்றுதான் படுத்திருப்பாள். முதலில் தண்ணீர் கேட்பாள். மறுபடியும் தண்ணீர் கேட்பாள். கொட்டாவி விடுவாள். எழுந்து உட்கார வேண்டும் என்பாள். ஜன்னலைத் திறக்கச் சொல்வாள். அதன்பின் பேச்சு குறையும். அமைதியாகிவிட்டாள் என்று நாம் நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம்.

அவர் சொன்னபடியே திருத்தினேன். செல்வி கேட்பது 'சிஸ்டர், கொஞ்சம் தண்ணீர்' என்பது மட்டும். நோயைப் பற்றிய உண்மையான துப்பு தாயாரிடமிருந்து வருகிறது. 600 மி.லி. தாண்டியதும் அவர், 'சிஸ்டர், இவள் கை ஏன் இப்படிச் சில்லென்று இருக்கிறது?' என்பார். மாணவி அதைக் கேட்டுத் திரும்பினால், வேர்வையையும் வெளிறிய உதட்டையும் பார்க்கலாம். 'கவலைப்படாதீர்கள் அம்மா, களைப்புதான்' என்று சொல்லவும் ஒரு வாய்ப்பு வைத்திருக்கிறேன். அதைத் தேர்ந்தெடுத்தால் தாயார் அடுத்த ஐந்து நிமிடத்துக்கு எதுவும் சொல்ல மாட்டார்.

முதல் சோதனையில் பெரும்பாலோர் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆறுதல் சொல்வது நல்ல செவிலியரின் பண்பு என்று நாங்கள்தானே கற்றுக்கொடுத்திருக்கிறோம். கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆறுதல் சொல்ல வேண்டும் என்பதைச் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அந்த வகுப்பு எனக்குக் காட்டியது.

கேஸ் ஷீட்டில் இன்னொரு முடிச்சு. ஒவ்வொரு முறை கதை தொடங்கும்போதும் கணினி செல்விக்கு இரண்டில் ஒரு பழைய வரலாற்றைக் கொடுக்கும். ஒன்றில் அவளுக்கு ஆஸ்துமா. மற்றொன்றில் ரத்த அழுத்தம். கர்ப்பப்பையை இறுகவைக்க வேறு இரண்டு மருந்துகளும் உண்டு. ஆஸ்துமா இருப்பவருக்கு அவற்றில் கார்போப்ரோஸ்ட் கொடுத்தால் மூச்சு இழுக்கும்; ரத்த அழுத்தம் இருப்பவருக்கு மெத்தில் எர்கோமெட்ரின் கொடுத்தால் பிபி எகிறும். கேஸ் ஷீட்டைத் திறந்து பார்க்க அரை நிமிடம்தான். தோழி சொன்ன விடையை மனப்பாடம் செய்துகொண்டு வருபவருக்கு இது உதவாது.

திரையில் என்ன இருக்கக் கூடாது

தொடக்கத்தில் எல்லாச் செயல்களையும் ஒரே பட்டியலாகக் காட்டினேன். மாணவிகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார்கள். பட்டியலைப் பார்த்தாலே அடுத்து என்ன என்று நினைவு வந்துவிடுகிறது. வார்டில் அப்படி ஒரு பட்டியல் சுவரில் தொங்காது. அதனால் பார், கேள், செய், மருந்து, கூப்பிடு என்று ஐந்து பொத்தான்கள் மட்டும் வைத்தேன். உள்ளே போனால்தான் செயல்கள் தெரியும். மருந்துப் பகுதியில் பட்டியலே இல்லை. பெயரையும் அளவையும் தானே எழுத வேண்டும். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ள ஒவ்வொரு மருந்துக்கும் பல எழுத்துக்கூட்டல்களைச் சேர்த்துவைப்பதுதான் இந்த வேலையிலேயே அதிகம் சலிப்பூட்டியது.

'சரி', 'தவறு' என்ற சொற்களையும் எடுத்துவிட்டேன். செல்வியின் உடல்தான் பதில். பச்சை நிறக் குறியும் மணியோசையும் இல்லாமல் மாணவிகள் முதலில் தவித்தார்கள். சரியாகச் செய்தோமா என்று என்னைப் பார்த்தார்கள். 'செல்வியைப் பாருங்கள்' என்றேன்.

செல்வி இறக்க வேண்டுமா என்பது எங்கள் துறைக்குள் நீண்ட வாக்குவாதம். நிஜத்தில் இறக்கிறார்கள், பயிற்சியில் ஏன் மறைக்க வேண்டும் என்று ஒரு தரப்பு. நான் வேண்டாம் என்று முடிவு செய்தேன். இந்தக் கோப்பை மாணவி இரவில் விடுதியில் தனியாகத் திறப்பாள். அப்போது அவளோடு பேச யாரும் இருக்க மாட்டார்கள். ரத்தம் 2000 மி.லி.-ஐத் தொட்டால் மூத்த மருத்துவக் குழு உள்ளே வந்து செல்வியை ஆபரேஷன் தியேட்டருக்கு அழைத்துச் செல்லும். கதை அங்கே நிற்கும். மரணத்தைப் பற்றிப் பேச வேண்டியது வகுப்பில், முகத்தைப் பார்த்து.

போன் அழைப்பு

கதை முடிந்ததும் கடைசிப் பெட்டியில் ஒரு நேரக்கோடு வரும். எந்த நிமிடத்தில் மாணவி என்ன செய்தாள், அப்போது ரத்தம் எவ்வளவு, பல்ஸ் எவ்வளவு. மதிப்பெண் இல்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் வகுப்பில் உட்கார்ந்து பேசுகிறோம். உண்மையான பாடம் அங்கேதான் நடக்கிறது. கணினி அதற்கு வேண்டிய தாளைத் தருகிறது, அவ்வளவே.

நேரக்கோடுகளை அடுக்கிப் பார்த்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. தவறான மருந்து கொடுத்தவர்கள் குறைவு. நிமிடங்கள் கரைந்தது வேறு இடத்தில். பிபி பார்த்திருக்கிறார்கள், மறுபடி பார்த்திருக்கிறார்கள், பேடை மாற்றியிருக்கிறார்கள், மறுபடி பிபி. அதன் பிறகே கூப்பிட்டிருக்கிறார்கள். 'நாலாவது நிமிடத்திலிருந்து எட்டாவது நிமிடம்வரை என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?' என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மாணவி, 'உறுதியாகத் தெரியாமல் டாக்டரைக் கூப்பிட்டால் திட்டுவார் மேடம்' என்றாள். மற்றவர்கள் தலையசைத்தார்கள்.

திட்டு வாங்கும் பயம்தான் நிமிடங்களை விழுங்கியிருந்தது. கர்ப்பப்பைத் துவளலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததை வைத்தே முதல் நிமிடத்தில் கூப்பிட்டிருக்கலாம். இதற்கு மருந்தியல் வகுப்பு எடுத்துப் பயனில்லை. கூப்பிடுவதையே பயிற்சி ஆக்க வேண்டும்.

அதனால் மருத்துவத் துறையோடு பேசி, ஹவுஸ் சர்ஜன்களையும் இதற்குள் கொண்டுவந்தோம். 'கூப்பிடு' என்பதில் 'டியூட்டி டாக்டர்' என்பதைத் தொட்டால் திரையில் கதை நின்றுவிடும். 'இப்போது உங்கள் போனை எடுத்து அழையுங்கள்' என்று வரும். அடுத்த அறையில் ஒரு ஹவுஸ் சர்ஜன் உட்கார்ந்திருப்பார். செல்வியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. மாணவி சொல்வதை மட்டும் வைத்து அவர் உத்தரவு தர வேண்டும். மாணவி சொன்ன தகவலில் பல்ஸ் இல்லையென்றால் அவர் கேட்டாக வேண்டும்; கேட்காவிட்டால் அதுவும் நேரக்கோட்டில் ஏறும். அழைப்பு எத்தனை நிமிடம் நீள்கிறதோ அத்தனை நிமிட ரத்தத்தை மாணவி திரும்பி வந்து கதையில் சேர்க்க வேண்டும். நிஜக் கடிகாரம் ஓடும் ஒரே இடம் இதுதான்.

அழைப்புகளைப் பதிவு செய்து, இருவரின் சம்மதத்தோடு வகுப்பில் போட்டுக் கேட்டோம். தொடக்கத்தில் வந்தவை ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. 'டாக்டர், பெட் நம்பர் ஆறு, செல்வி, 26 வயது, இரண்டாவது பிரசவம், காலையில் அட்மிட் ஆனார், வலி காலை எட்டு மணிக்கு...' என்று வரலாறு நீண்டுகொண்டே போகும். ரத்தம் என்ற சொல் வருவதற்குள் முக்கால் நிமிடம். மறுமுனையில் ஹவுஸ் சர்ஜன் 'சரி, பிறகு?' என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள் என்று நாலு பகுதியாகச் சொல்லும் எஸ்.பி.ஏ.ஆர். முறையை நர்சிங் கல்லூரிகளில் கற்பிக்கிறோம். அமெரிக்கக் கடற்படையில் தொடங்கி மருத்துவமனைக்கு வந்த முறை. மாணவிகளுக்கு அது மனப்பாடம். ஆனால் நாலாவது பகுதியான வேண்டுகோளை வாய்விட்டுச் சொல்ல நம் பிள்ளைகளுக்கு நா எழவில்லை. 'என்ன செய்யட்டும் டாக்டர்?' என்று முடித்துவிடுகிறார்கள். வகுப்பில் ஒருவரை ஒருவர் பார்த்தபடி உரக்கச் சொல்லிப் பழகினோம். 'டாக்டர், பிரசவத்துக்குப் பிறகு உதிரப்போக்கு. 700 மி.லி. போயிருக்கிறது, பல்ஸ் 108, கர்ப்பப்பை துவண்டிருக்கிறது. ஆக்ஸிடோசின் கொடுத்துவிட்டோம். நீங்கள் இப்போதே வர வேண்டும்.' கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தால் மறுபடி சொல்ல வைத்தேன்.

ஹவுஸ் சர்ஜன்களுக்கும் இதில் பாடம் இருந்தது. தான் பேசிய பேச்சைத் தானே கேட்ட ஒருவர், தன் குரலில் இருந்த எரிச்சலைக் கண்டு முகம் வாடினார். அன்று அந்த அறையில் நர்சிங் மாணவிகளும் மருத்துவ மாணவர்களும் பேசிக்கொண்டது போல எந்த விரிவுரையிலும் பேசிக் கேட்டதில்லை. 'சந்தேகமாக இருந்தாலும் கூப்பிடுங்கள், வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்' என்று அவரே முன்வந்து சொன்னார். அடுத்த சுற்றில் அழைப்புகள் முன்பைவிடச் சீக்கிரமாக வந்தன.

கைக்கு வேறு பாடம்

திரை கற்றுத்தராதது நிறைய. கர்ப்பப்பை இறுகும்போது கிரிக்கெட் பந்தைப் போலக் கையில் தட்டுப்படுவதைத் தொட்டுத்தான் அறிய வேண்டும். ஆகவே செல்வியை முடித்த கையோடு மாணவிகளைத் திறன் ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று, இடுப்பு மாதிரியில் தேய்ப்பும், இரு கைகளால் அழுத்திப் பிடிப்பதும் செய்ய வைக்கிறோம். டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராமைப் பத்து நிமிடத்தில் மெதுவாகச் செலுத்துவதையும் அங்கேதான் சிரிஞ்சைப் பிடித்துப் பழகுகிறார்கள். திரையில் 'செலுத்து' என்று தொடுவதற்கும் பத்து நிமிடம் கை அசையாமல் தள்ளுவதற்கும் தூரம் அதிகம். வரிசையை மாற்றி, ஆய்வகத்தை முதலில் வைத்தும் பார்த்தோம். செல்வியை முதலில் சந்தித்துவிட்டு வந்தவர்கள்தான் ஆய்வகத்தில் கேள்விகள் கேட்டார்கள்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு

எல்லா எண்களையும், அதாவது ரத்தத்தின் வேகம், ஒவ்வொரு செயலின் நிமிடம், மருந்தளவு ஆகியவற்றை, தொடக்கப் பெட்டி ஒன்றிலேயே வையுங்கள். சுகர்கியூப்பில் இதற்கென்று கதை தொடங்கும் முன் ஓடும் தனிப் பெட்டி உண்டு. நெறிமுறை மாறும்போது, அது மாறிக்கொண்டேதான் இருக்கும், கதை முழுதும் தேடி அலைய வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ரத்தம் 300 மி.லி. போய் உடற்குறிகளும் மாறியிருந்தாலே சிகிச்சையைத் தொடங்கலாம் என்கிறது. என் கோப்பில் ஓர் எண்ணை மாற்றியது தவிர வேறு வேலை இல்லை.

இப்போது செல்வியின் இரண்டாவது வடிவத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் வயிற்றைத் தொட்டால் கர்ப்பப்பை நன்றாக இறுகியிருக்கும். ரத்தம் மட்டும் நிற்காது. முதல் வடிவத்தை முடித்தவர்கள் பழக்கத்தில் ஆக்ஸிடோசினையே மேலும் மேலும் கொடுப்பார்கள். விளக்கைத் திருப்பி, கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பவருக்குத்தான் காரணம் தெரியும். அதற்கான படங்களை எப்படி எடுப்பது என்பதில் வேலை நின்றிருக்கிறது. நோயாளிகளின் படத்தைப் பயன்படுத்த மாட்டேன். மெழுகிலோ சிலிக்கானிலோ மாதிரி செய்யத் தெரிந்த ஆசிரியர்கள் இருந்தால் சேர்ந்து செய்யலாம்.